மூன்றாவது கையெழுத்து

காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடிப்பாள் ராமுத்தாய். வாயில் ஒரு சுற்றுச் சுற்றி விழுங்கிய பிறகுதான் வீட்டுக்காரரைப் பார்ப்பாள். "உப்பு தட்டுதே அண்ணே. போர் எம்புட்டு ஆழம்?" வீட்டை விற்க நிற்பவருக்குப் பாதி உற்சாகம் அங்கேயே வடிந்துவிடும்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. துணியை உட்புறம் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தே இருபது வருடம் ஓடிவிட்டது. வீட்டையும் அப்படித்தான் பார்ப்பாள். புதிதாக வெள்ளையடித்த சுவர் அவள் கண்ணில் படாது. பீரோவை நகர்த்தச் சொல்லி அதற்குப் பின்னால் இருக்கும் சுவரைத் தடவுவாள். மழை பெய்தால் போதும், போன வாரம் பார்த்த வீட்டுக்குக் குடையோடு போய் ஒழுகுகிறதா என்று நிற்பாள். "நீ வீடு வாங்கப் போறியா, மருமக எடுக்கப் போறியா?" என்று கணவன் மூக்கையா கேலி செய்வான்.

"மருமக கோவிச்சுக்கிட்டுப் போனாலும் திரும்பி வருவா. போட்ட காசு வருமா?" என்பாள்.

வாய்தான் இப்படி. ஆசைக்குக் குறைவில்லை. ராஜபாளையம் பக்கமிருந்து திருப்பூர் வந்த நாளிலிருந்து லைன் வீட்டில் வாடகை வாசம். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் ஓனரைக் கேட்க வேண்டும். ஞாயிறுதோறும் யாருடைய வீட்டையோ பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் மனதுக்குள் அதில் குடியிருந்து, பிறகு காலி செய்வாள்.

மண்ணரையில் பார்த்த வீட்டை மட்டும் காலி செய்ய முடியவில்லை. இரண்டே அறை, சிவப்புத் தரை, சமையலறை ஜன்னலில் காலை வெயில். தண்ணீரும் நன்றாக இருந்தது. வில்லங்கச் சான்றில் குறை இல்லை. இறந்துபோன பெரியவரின் வாரிசுச் சான்றிதழில்தான் மூன்று பெயர் இருந்தது. விற்கக் கையெழுத்துப் போடுகிறவர்களோ மூத்த மகன் கதிர்வேலும் அவர் தம்பியும் மட்டும்.

"மூணாவது யாருண்ணே, பழனியம்மாள்னு?"

"எங்க அக்காதானுங்க. வெள்ளகோவில்ல கட்டிக் குடுத்துட்டமுங்க. நகை போட்டு, சீர் செஞ்சு ஒண்ணும் கொறை வெக்கலீங்க. இனி அதுகிட்டப் போயி கையெழுத்துக் கேட்டா நல்லாருக்குங்களா?" என்ற கதிர்வேல், இன்னொருவர் அட்வான்ஸோடு காத்திருப்பதையும் சொல்லிவைத்தார்.

ராமுத்தாய் சமையலறை ஜன்னலை இன்னொரு முறை பார்த்தாள். இதை விட்டால் இப்படி ஒரு வீடு அமையாது. ஆனால் ஊரில் அவளுடைய அண்ணன்மாரும் சீர் செய்த கணக்கைச் சொல்லித்தான் அவளைக் கேட்காமல் அப்பா வீட்டை விற்றார்கள். அவள் போய்ப் பங்கு கேட்கவில்லை. கேட்க நினைக்காத நாளும் இல்லை. நாளைக்குப் பழனியம்மாள் கேட்டால் தன் கதி என்ன என்பதை எந்த வக்கீலும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"அக்கா கையெழுத்து இல்லாம அட்வான்ஸ் கெடையாதுண்ணே. நீங்க கூச்சப்பட்டா நானே கேக்குறேன்."

அடுத்த ஞாயிறு, மூன்று பெயரும் எழுதிய கிரய ஒப்பந்தத்தோடு கதிர்வேலையும் கூட்டிக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினாள். பழனியம்மாள் காகிதத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். கதிர்வேலின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"இத்தன வருசத்துல ஆரும் எங்கிட்டக் கேக்கலீங்க. போடறனுங்க. ஒருக்கா அந்த ஊட்டுக்குள்ள போயிட்டு வந்து போடறனுங்க, அம்மிணி."

"இப்ப எதுக்குக்கா?" என்று கதிர்வேல் பதறினார்.

உள்ளே போனால் மனசு மாறிவிடுமே என்ற பயம் ராமுத்தாய்க்கும் இருந்தது. இப்போதே பேனாவை நீட்டினால் வீடு அவளுடையது. "வாங்கக்கா, போவோம்" என்று எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் மண்ணரையில் கதிர்வேல் பூட்டைத் திறந்தார். பழனியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நடு அறையில் நின்று சுற்றிலும் பார்த்தார். பின்னாலேயே நுழையப் போன கதிர்வேலை ராமுத்தாய் கை நீட்டி நிறுத்தினாள். தானும் நுழையவில்லை. கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்திவிட்டு, படியில் உட்கார்ந்தாள்.