படியிலிருந்து போட்ட விதை

அந்த வீடியோவ நான் இன்னும் அழிக்கல. அழிக்கிறதுக்குக்கூட ஒரு தைரியம் வேணும் போல.

அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு சின்ன ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் டீச்சர் நான். பசங்கள வெச்சு எந்தச் செயல்பாடு செஞ்சாலும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடணும். பாடம் நடந்துச்சான்னு யாரும் கேக்கமாட்டாங்க, வீடியோ வந்துச்சான்னுதான் கேப்பாங்க. அந்த வாரம் பறக்கும் விதைகள். பேப்பர்ல ரெண்டு காத்தாடி வெட்டிப் பறக்கவிட்டு ஒப்பேத்திடலாம்னு இருந்தேன்.

அன்னைக்குப் பாத்து என் கிளாஸ் பொண்ணு ஒருத்தி பை நெறைய மகோகனி விதை கொண்டாந்தா. அவங்கம்மா செங்கம் ரோட்டுல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல பெருக்குற வேல. அங்க மரத்தடியில கெடந்ததாம். வெரல் நீளம், ஒரு பக்கம் கனம், மறுபக்கம் காஞ்ச இறக்கை. பசங்க நின்ன எடத்துலேருந்தே போட்டுப் பாத்தாங்க. சுத்த ஆரம்பிக்கிறதுக்குள்ள டொப்புனு தரைக்கு வந்துடுச்சு. எனக்கு எரிச்சல். எல்லாத்தையும் வாரி வைங்க, பேப்பரே போதும்னுட்டேன்.

இவ மட்டும் கேக்கல. மொட்டமாடிப் படியில பாதி ஏறி ஒண்ணு போட்டா. மொதல்ல சும்மா விழுந்துச்சு, அப்புறம் புடிச்சிக்கிச்சு பாருங்க, சுத்திச் சுத்தி ஆற அமர எறங்குச்சு. அடுத்து, இறக்கைய ஒடிச்சிட்டு ஒண்ணு போட்டா. அது கல்லு மாதிரி விழுந்துச்சு.

“கொஞ்ச தூரம் வுழுந்தாதான் மிஸ் அது சுத்திக்கினு வருது. அதான் ஒசரமான மரத்துல காய்க்கிது.”

எட்டு வயசு. யாரும் சொல்லித்தரல. எனக்கே அதுவரைக்கும் தோணல. ஒடம்பு சிலிர்த்துப்போச்சு, பொய் சொல்லல.

உடனே என்ன செஞ்சேன் தெரியுமா? போனை எடுத்தேன். எடுத்துட்டு அவளப் பாத்தேன். பட்டன் போன சட்டையில ஊக்கு. எண்ணெய் காணாத தலை. பேச்செல்லாம் வந்துகினு, போய்க்கினுன்னு வரும். வீட்டுல நானும் அப்படித்தான் பேசுறேன், அது வேற விஷயம். ஆபீசருங்க பாக்குற வீடியோவாச்சேன்னு, பளிச்சுனு இருக்குற இன்னொரு பொண்ணக் கூப்ட்டுப் படியில நிக்கவெச்சு, இவ சொன்னத நல்ல தமிழ்ல மனப்பாடம் பண்ணவெச்சேன். இவள கீழ நின்னு விதை பொறுக்கிக் குடுக்கச் சொன்னேன். நாலு டேக் போச்சு. நாலு தடவையும் பொறுக்கிக் குடுத்தா. வீடியோவுல ஓரமா ஒரு கை தெரியும், அது அவளோடது.

குரூப்ல கைதட்டலாக் கொட்டுச்சு. மாணவி தானாகவே கண்டறிந்தது அருமைனு மேலிடத்துலேருந்து ஒரு பாராட்டு வேற. நான் கை கூப்புற எமோஜியப் போட்டு நன்றி சொன்னேன். வெக்கங்கெட்ட ஜென்மம்.

அடுத்த வாரம் முருங்க விதையோட வந்தா. அதுக்கு மூணு இறக்கை. என்னமோ கண்டுபுடிச்சிருக்கானு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. இந்தத் தடவ ஒழுங்கா நடந்துக்கணும்னு போனை எடுத்துப் பைக்குள்ள வெச்சிட்டு, பக்கத்துல உக்காந்து, என்னம்மா கண்டுபுடிச்சேன்னு கேட்டேன்.

அவ எழுந்து போயி அந்தப் பளிச்சுப் பொண்ணு காதுல குசுகுசுன்னு என்னமோ சொன்னா. திரும்பி வந்து, துளிகூட கோவம் இல்லாம, என்னப் பாத்துச் சிரிச்சா.

“அவ சொல்லுவா மிஸ். நான் கீழ நின்னு பொறுக்கித் தரேன்.”