கூப்பாட்டம்மாவின் அக்கா

பல் டாக்டரின் கிளினிக்குக்கு நேர் மேலே அவளுடைய அறை இருந்தது. கீழே யாராவது அலறினால் மேலே வந்தவர்கள் மிரளுவார்கள். மேலே யாராவது ஓவென்று அழுதால், கீழே பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் நைசாக எழுந்து செருப்பைத் தேடுவார்கள். டாக்டர் ஒருநாள் மாடியேறி வந்து, "உங்க பேயெல்லாம் கொஞ்சம் அமைதியாப் போகக் கூடாதாங்க?" என்று கேட்டார்.

"பேய் அமைதியாத்தான் போகுது டாக்டர். திரும்பி வர்றவங்கதான் அழுறாங்க," என்றாள்.

இறங்கிப் போய்விட்டார்.

அந்த நகரத்தில் பேய் பிடிப்பது ஒன்றும் அதிசயமில்லை. குழாய் உடைவது, லிஃப்ட் பாதியில் நிற்பது மாதிரி அதுவும் எந்த வீட்டிலும் நடக்கும். நடந்தால் அவளைத் தேடி வருவார்கள். வெளியார் அவளைப் பேயோட்டி என்பார்கள். தெருக்காரர்கள் வைத்த பெயர் கூப்பாட்டம்மா. அந்தப் பெயர்தான் பொருத்தம். அவள் எதையும் ஓட்டியதே இல்லை. ஒருவருக்குள் வேறொன்று புகுந்துவிட்டால் அவர் செத்துப்போவதில்லை. உள்ளே எங்கோ ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டுக் கிடப்பார். அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிற யாராவது முழு மனசோடு கூப்பிட்டால் முன்னுக்கு வருவார். அவர் வந்து நிறைந்துவிட்டால் மற்றதற்கு நிற்க இடமிருக்காது, வெளியே விழுந்துவிடும். கூப்பிடுவது வீட்டாரின் வேலை. எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லித் தருவதும், உள்ளே இருப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று முதுகில் காதை வைத்துக் கேட்டுச் சொல்வதும் அவளுடைய வேலை.

அதற்கு முன்னால் அவள் ஓர் ஆஸ்பத்திரியில் மைக்கில் பெயர் கூப்பிடுகிறவளாக இருந்தாள். ஒருநாள் ஒரு பெயரைக் கூப்பிட்டதும் ஒரு ஆள் எழுந்து வந்தான். ஆனால் பதில் வேறெங்கிருந்தோ, அவனுடைய சட்டைக்குப் பின்னாலிருந்து வந்தது. பக்கத்திலிருந்த யாருக்கும் அது கேட்கவில்லை. அவனுடைய மனைவியைத் தனியாக அழைத்துப் போய், "உங்க வீட்டுக்காரரை நீங்க ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க," என்றாள். அன்று தொடங்கியது.

அவளுக்கென்று இருந்த ஒரே சொந்தம் அக்கா. அம்மா அப்பா அடுத்தடுத்துப் போனபோது இவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காதான் தையல் கம்பெனியில் சேர்ந்து இவளை ஆளாக்கினாள். கொஞ்சிக் குலாவி அல்ல. தங்கையை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஏய்'தான். 'ஏய், சாப்பிட்டியா' என்று கூடக் கேட்கமாட்டாள். 'ஏய், தட்டு இன்னும் காலியாகலை' என்பாள். காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைக்கிற விதமே திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் காய்ச்சல் இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டாள்.

அந்த அக்கா ஒருநாள் வேலையிலிருந்து வந்து படுத்தாள். அப்புறம் சரியாக எழுந்திருக்கவில்லை. எந்த டாக்டருக்கும் காரணம் பிடிபடவில்லை. மாத்திரைகள் மாறிக்கொண்டே இருந்தன. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள். வெளிச்சம் ஆகாது, பேச்சு ஆகாது, பெற்ற மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் ஆகாது. அவளுடைய கணவர் பஸ் டிரைவர். ஷிப்ட் முடிந்து வந்து, தானே சமைத்து, ஒரு தட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலையில் அதை அப்படியே எடுத்துக் கழுவுவார். இரண்டு வருஷத்துக்கு மேல் வீடு இப்படி ஓடியது.

ஒருநாள் மத்தியானம் அவர் போன் செய்தார். "உங்கக்கா எழுந்துட்டாம்மா," என்றார்.

கூப்பாட்டம்மா அறையைப் பூட்டிக்கொண்டு ஓடினாள். கதவைத் திறந்தது அக்காதான். தலை வாரியிருந்தாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

"வாம்மா. இந்த வெயில்ல வந்திருக்கியே, உள்ள வா," என்றாள் அக்கா.

வாம்மா என்ற சொல் அக்காவின் வாயிலிருந்து வந்து கூப்பாட்டம்மா கேட்டதே இல்லை. கட்டிப்பிடிக்கிற சாக்கில் கையைச் சுற்றிப் போட்டு, முதுகில் காதை வைத்தாள். ரொம்ப தூரத்தில், மூடிய பல கதவுகளுக்கு அப்பால், ஒரு குரல் கேட்டது. "ஏய். ஏய்."

"கேட்டுட்டியா?" என்று, அக்காவுக்குள் புகுந்திருந்த அது மெதுவாகக் கேட்டது.

அவள் விலகி நின்றாள். வழக்கமாக இந்த இடத்தில் அவை கத்தும், காறித் துப்பும், கடிக்க வரும். இது சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றது.

"நான் மறைக்கலை. யாரும் கேக்கலை, அதான் சொல்லலை," என்றது. "கதவு திறந்து கிடந்துச்சு. ஆளே இல்லாத வீடு மாதிரி இருந்துச்சு. எனக்கும் ரொம்ப நாளா இடம் இல்ல."

"போயிடு."

"நானா வெளிய போக எனக்குத் தெரியாது. அவ வந்தா நான் விழுந்துடுவேன். கூப்பிடச் சொல்லு, நான் தடுக்கமாட்டேன்." பிறகு, "டீ போடட்டுமா?" என்றது.

மறுநாள் கூப்பாட்டம்மா பஸ் டிப்போவுக்குப் போனாள். மாமா சாப்பாட்டு நேரத்தில், நிறுத்தி வைத்த பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் டப்பா. அவர் தானே கட்டிக்கொண்டு வரும் டப்பா இல்லை அது. மூடிக்குள் ஒரு துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது, கை துடைக்க.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மெல்லுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார் கடைசியில்.

"தெரியுமா?"

"இருபது வருஷத்துக்கு மேல கூட வாழ்ந்திருக்கேன். தெரியாமப் போகுமா? நேத்து ராத்திரி, வண்டி ஓட்டி ஓட்டித் தோள் வலிக்குதான்னு கேட்டுச்சு. உங்கக்கா நல்லா இருந்த காலத்துலயே அதைக் கேட்டதில்ல."

"மாமா, அக்கா உள்ள இருக்கா. கூப்பிடுறா. நான் கேட்டேன்."

அவர் டப்பாவை மூடினார். "நீ கேட்டே. எனக்குக் கேக்கலையே. எனக்குக் கேட்டிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு சத்தியமாத் தெரியலை. நான் வந்து கூப்பிடுறேன்மா, நீ சொன்னா வர்றேன். ஆனா முழு மனசா வேணும்னு நீதானே சொல்றே. அதுக்கு நான் எங்க போவேன்?"

அவரைத் திட்டத்தான் அவள் வந்திருந்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்ன திட்டுவது? டிப்போவில் அவருடைய பஸ் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார்.

மிச்சம் இருந்தது அக்காவின் மகள். கல்லூரி கடைசி வருஷம். அவளிடம் சொன்னபோது நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா வந்தா, சித்தி, மறுபடியும் சுவரைப் பாத்துத்தானே படுப்பாங்க?"

"தெரியலைடா கண்ணு. படுக்கலாம். ஆனா அது உங்கம்மா."

பத்து விரல் நகத்தையும் அவள் கடித்து முடித்தாள். பிறகு சரி என்றாள். சம்மதித்ததைவிட, சம்மதிக்க இவ்வளவு நேரம் ஆனதற்காக வெட்கப்பட்டவள் மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் உட்கார்ந்தார்கள். அது தானாகவே ஸ்டவ்வை அணைத்துவிட்டு நாற்காலியில் வந்து அமர்ந்தது. மகள் எதிரே. கூப்பாட்டம்மா அக்காவின் முதுகில் காதை வைத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள் மகள். "அம்மா, வாங்க. நான் இங்க இருக்கேன். அம்மா."

முதலில் குரல் தடுமாறியது. போகப் போக அழுகை உடைத்துக்கொண்டு வந்தது, அதோடு கூப்பாடும் நிஜமானது. சின்ன வயசில் கடைத்தெருவில் தொலைந்துபோனவள் கூப்பிடுவது போல அவள் கூப்பிட்டாள். முதுகுக்குள் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு யாரோ வருவது கூப்பாட்டம்மாவுக்குக் கேட்டது. தட்டுத் தடுமாறி, சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிற நடை. பிறகு அக்காவின் தோள் கனத்தது. கண்கள் மெல்லத் திறந்தன. அந்தக் கண்களில் இருந்த களைப்பை யாரும் போலியாகச் செய்ய முடியாது.

அக்கா அடுப்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"ஏய்," என்றாள் வறண்ட குரலில். "அந்த ஜன்னலைச் சாத்து. கண்ணைக் குத்துது."

மகள் பின்வாங்கியது ஒரு நொடிதான். கை நாற்காலியை விட்டு எழும்பியது, வாயில் இருந்த அடுத்த 'அம்மா' வெளியே வரவில்லை. அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. கனத்த தோள் லேசாயிற்று. முதுகுக்குள் யாரோ சறுக்கிக்கொண்டே போகிற சத்தம், கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொள்கிற சத்தம்.

"அச்சச்சோ," என்றது அது, மகளின் முகத்தைப் பார்த்து. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. அவள் அதை வாங்கிக் குடித்துவிட்டு, "நான் வேணும்னு செய்யலை சித்தி," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இன்னொரு தடவை கூப்பிடு என்று அவளைக் கேட்க யாருக்கு மனசு வரும்?

அதன்பிறகு கூப்பாட்டம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளே அந்த வீட்டுக்குக் குடி வருவது. ஒரே கூரை ஆகிவிடும், தானே கூப்பிட்டுவிடலாம். மாமா எதுவும் கேட்காமல் முன்னறையைக் காலி செய்து கொடுத்தார். கூரை ஒட்டிக்கொள்ள நாள் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வந்த மறுநாளே கூப்பிட்டால் விருந்தாளியின் குரலாகத்தான் போய்ச் சேரும். ஆகவே காத்திருந்தாள். காலையில் வேலைக்குப் போனாள், சாயங்காலம் வந்தாள், தன் துணியைக் கொடியில் போட்டாள், மாமாவோடு குழாய் ரிப்பேருக்குச் சண்டை போட்டாள்.

அந்த வீட்டில் இப்போது சிரிப்புச் சத்தம் இருந்தது. மகள் படிக்கும்போது அது பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத பாடத்தைப் புரிந்த மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும். மாமா ஷிப்ட் முடிந்து வந்து, அன்று பஸ்ஸில் நடந்த கூத்தையெல்லாம் நடித்துக் காட்டுவார். அவருக்கு நடிக்க வரும் என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

கூப்பாட்டம்மாவுக்குத் தொண்டைதான் தொழில். நாள் முழுக்கக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது குரல் கட்டியிருக்கும். வந்த சில நாளிலேயே மேஜையில் வெந்நீரும் உப்பும் தயாராக இருக்க ஆரம்பித்தன. அவள் முதலில் தொடவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் கொப்பளித்தாள். அப்புறம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அந்த வெந்நீரின் நினைப்பு வர ஆரம்பித்தது. "இன்னைக்கு யாரைக் கூப்பிட்டே? வந்தாங்களா?" என்று கேட்கும். வந்துவிட்டார்கள் என்றால், "நல்லது," என்னும். அதன் இனத்தில் ஒன்று அன்று தெருவில் விழுந்திருக்கும் என்பது அதற்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அப்படித்தான் சொல்லும்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், மற்றவர்கள் வெளியே போயிருந்தபோது, அவள் நாற்காலியை எடுத்துப் போட்டாள். அது வந்து அமர்ந்து, அவளுக்கு வசதியாக முதுகைக் காட்டியது.

"அக்கா," என்றாள். "அக்கா, வா."

முதல் கூப்பாட்டிலேயே தெரிந்துவிட்டது. வருஷக்கணக்காக அவள் மற்றவர்களிடம் பிடித்த குறை அது. வாய் மட்டும் கூப்பிடுகிற குரல். அதைக் கேட்டால், இன்றைக்கு உங்க மனசு இங்க இல்ல, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிடுவாள். இப்போது அது தன் தொண்டையிலிருந்து வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, பட்டினியாக இருந்து தன்னைப் படிக்க வைத்த அக்காவை நினைத்தாள். காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவை நினைத்தாள். எல்லாம் நினைவுக்கு வந்தது, குரல் மட்டும் மாறவில்லை. தொண்டை கிழியும்வரை கூப்பிட்டாள். உள்ளே ஒரு கதவும் திறக்கவில்லை. தூரத்தில் அந்த "ஏய்" மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமலேயே.

அது திரும்பி உட்கார்ந்து அவளைப் பார்த்தது. கேலி இல்லை. "உன்னாலயும் முடியலையா?" என்றது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அது அவள் தலையில் கை வைத்தது. அக்காவின் கைதான், ஊசி குத்திக் காய்த்துப்போன அதே விரல்கள். தட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள். தட்டிவிடவில்லை.

அவள் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. போனால் காது வைத்துக் கேட்க ஆள் இருக்காது. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அக்காவின் முதுகில் காதை வைப்பாள். மாமா அந்த நேரத்தில் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். மகள் குளியலறைக்குள் போய்விடுவாள். சில வாரம் கூப்பிட்டுப் பார்ப்பாள், சில வாரம் மாட்டாள். மேல்மாடி அறையில் அவள் வேலை எப்போதும்போல நடந்தது. கணவன்கள் மனைவிகளைக் கூப்பிட்டார்கள், பிள்ளைகள் அப்பாக்களைக் கூப்பிட்டார்கள், உள்ளே தள்ளப்பட்டவர்கள் அழுதுகொண்டே திரும்பி வந்தார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு அவள் கொஞ்ச நேரம் படியில் நிற்பாள்.

மகளுக்கு வேலை கிடைத்த வருஷம், அந்தக் குரல் தேய ஆரம்பித்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்டது, பிறகு வாரத்துக்கு ஒருமுறை. ஒருநாள் காலையில் எவ்வளவு நேரம் காதை வைத்திருந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா எங்க?" என்றாள்.

"தெரியலையே," என்றது அது. முகத்தில் உண்மையான கவலை. "உள்ள ரொம்பப் பெருசு இடம். இரு, தேடிப் பாக்குறேன்." அடுப்பின் முன் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டது. வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கூப்பாட்டம்மா தீயைக் குறைத்தாள். வெகுநேரம் கழித்து அது கண்ணைத் திறந்தது.

"காணோம்மா. படுத்திருந்த இடம் மட்டும் இருக்கு. நாளைக்கும் தேடுறேன்."

"சரி," என்றாள் அவள்.

நம்பிக்கையினால் அல்ல, வேறென்ன செய்வதென்று தெரியாததால், இன்னொரு முறை அந்த முதுகில் காதை வைத்தாள். சூடான கரண்டி அவள்மேல் பட்டுவிடாமல் அது கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவள் கேட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்றது. உள்ளே இதயம் அடித்துக்கொண்டிருந்தது, சீராக, ஆரோக்கியமாக.