நான் தவறாமல் கொடுத்த மாத்திரை

லெந்து என்ற தவக்காலத்தின், ஞாயிறுகளை நீக்கி, இருபத்து மூன்றாம் நாள், திங்கட்கிழமை, காலை 7.10. என் மனைவி எஸ்தர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். மூச்சு, மாடிப்படி ஏறி வந்தவள் போல ஆழமாக வாங்கியது. நிமிடத்துக்கு முப்பத்திரண்டு முறை. வாட்சைப் பார்த்து எண்ணினேன். பயத்தில் வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

பிரியமானவர்களே, நான் எதையும் எழுதி வைக்கிறவன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். வீடு சந்தாபுராவில். வார்த்தை ஜோடித்து ஜெபிக்க எனக்கு வராது. அதனால் மாலை ஜெபத்தில் அன்றைய டைரிப் பக்கத்தை ஆண்டவருக்கு வாய்விட்டு வாசிப்பேன்.

லெந்து தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது எஸ்தர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. இடுப்பில் வலி. கிளினிக்கில் பாரசிட்டமால் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஐந்து நாள். ஐந்து நாளில் வலி போகவில்லை. எல்லார் வீட்டிலும் இருக்கிற மாத்திரைதானே என்று நானே தொடர்ந்தேன். அவள் செல்போனில் நான்கு அலாரம் வைத்தேன். மதிய மாத்திரைக்கு வேலையிடத்திலிருந்து போன் செய்து கேட்பேன்.

"ஃபேக்டரி சைரனை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டீங்க," என்பாள். "நான் என்ன உங்க ஜெனரல் ஷிஃப்டா?"

சாம்பல் புதனிலிருந்து அவள் உபவாசம். வருஷா வருஷம் இருப்பதுதான். மாலையில் ஒரு டம்ளர் கஞ்சி மட்டும். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வலி இடுப்புலதானே, வயித்துல இல்லையே," என்றாள்.

மாத்திரை சாப்பாடு ஆகாது, அதனால் உபவாசம் முறியாது என்று இருவரும் முடிவு செய்தோம். மூன்றாவது வாரம் அந்தக் கஞ்சியும் வயிற்றில் தங்கவில்லை. 'உபவாசக் களைப்பு' என்று எழுதி வைத்தேன்.

திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில் ஐசியூவில் சேர்த்தார்கள். ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர்.

"சுகர் காரணமில்லை. கிட்னியும் ஓரளவு நல்லா இருக்கு. ஏன்னு புரியல. என்ன மருந்தெல்லாம் எடுத்தாங்க?"

"பிபி மாத்திரை மட்டும்தான் சார்."

பொய் சொல்ல நினைக்கவில்லை. எனக்குப் பாரசிட்டமால் ஒரு மருந்தாகவே தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை அமிலம் இன்னும் ஏறியது. மூச்சு தளர்ந்தால் குழாய் போட வேண்டும், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். கோவையில் படிக்கும் மகளுக்குப் போன் செய்தேன். அவள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மாலை நான்கு மணிக்கு என்னை உள்ளே விட்டார்கள். ஆண்டவரே, என்ன நடந்தது என்று காட்டும் என்றேன். அதற்கு மேல் வார்த்தை இல்லை. டைரியை எடுத்து சாம்பல் புதனிலிருந்து வாசித்தேன். காலை ஆறு, மாத்திரை. பன்னிரண்டு, மாத்திரை. மாலை ஆறு, மாத்திரை, கஞ்சி. இரவு பன்னிரண்டு, மாத்திரை. ஒரு வேளை கூடத் தவறவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அதைப் பெருமையாகத்தான் அவருக்கு வாசித்தேன்.

டிரிப் பார்க்க வந்த கன்னட நர்ஸ் நின்றுவிட்டாள்.

"சார், ஒந்து நிமிஷம். எந்த மாத்திரை அது?"

"பாரசிட்டமால், சிஸ்டர். வலிக்கு."

"எஷ்டு நாளா?"

பக்கங்களைத் திருப்பி எண்ணினேன். "முப்பத்து மூணு நாள்."

"சாப்பாடு இல்லாமலா?"

அவள் டைரியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

அளவு மீறவில்லை என்றார் டாக்டர். ஆனால் பட்டினி கிடக்கும் உடம்பில் அது நாள்கணக்கில் போனால், அபூர்வமாகச் சிலருக்கு ஒருவித அமிலம் சேர்ந்துவிடுமாம். சிறுநீரைச் சோதிக்க வெளி லேபுக்கு அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திராமல், வலிக்கென்று டிரிப்பில் போய்க்கொண்டிருந்த அதே மருந்தை நிறுத்தினார்கள். மாற்று மருந்தும், மூக்குக் குழாய் வழியாக ஆகாரமும் கொடுத்தார்கள். வியாழன் மதியம் மூச்சு இருபதுக்கு இறங்கியது. வெள்ளி காலை என்னைப் பார்த்து, "ஷேவ் பண்ணலையா?" என்றாள். சுவரில் சாய்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வாக்கர் பிடித்து நடக்கிறாள். பாதி உடம்பாகிவிட்டாள். கர்த்தர் அவள் வலியை எடுக்கவில்லை. அவளையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.

"என் கையாலதானே கொடுத்தேன் எஸ்தர்," என்றேன் ஒரு நாள்.

"வாங்கிப் போட்டது நான்தானே. சும்மா இருங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னித்தாளா என்று இன்னும் கேட்கவில்லை.

உபவாசம் இருக்கிறவர்களே, சாதாரண மாத்திரைதானே என்று எதையும் டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். ஆண்டவரிடமும் அப்படித்தான். செய்த தவறுகளை அறிக்கையிட நாம் எல்லாரும் பழகியிருக்கிறோம். சரியாகச் செய்தேன் என்று நான் நம்பியதை அவர் முன் வைத்தபோதுதான் எனக்குப் பதில் வந்தது. பயமாகத்தான் இருக்கும். நீங்களும் வையுங்கள்.