ஹாங்காவின் மெழுகுதிரி

மெல்பேர்ணில் கோட்டுத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஹாங்கா பொத்தான் துளை தைத்தாள். போலந்து நாட்டு யூத மனுசி. 1976இல் அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. பக்கத்து மெஷினில் யாழ்ப்பாணத்துச் சிவனேஸ்வரி.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மன் நாசிகள் ஹாங்காவின் ஊர் யூதரையெல்லாம் ஒரு மூலையில் மதில் கட்டி அடைத்தார்கள். உள்ளே நிர்வாகம் பார்க்க யூதரையே சபையாக்கினார்கள். கொலைமுகாமுக்குப் போகும் ரயிலுக்கு இத்தனை பேர் என்று ஜெர்மன்காரன் தொகையைச் சொல்வான். பெயர்களைச் சபை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரையும் ரயிலில் ஏற்றுவான். பத்தொன்பது வயது ஹாங்கா சபையின் தட்டச்சுக்காரி. நான்காம் பட்டியலில் தன் தாயின் பெயரையும் அவளே அடித்தாள்.

அப்படி இறந்தவர்களின் நினைவுநாளில் மெல்பேர்ண் யூதர்கள் ஒரு மண்டபத்தில் கூடி ஆளுக்கொரு மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஹாங்கா அதுவரை போனதில்லை. அந்த வருசம் சிவனேஸ்வரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் ஹாங்காவின் ஊர்க்காரி ஃபேலா மறித்தாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே கத்தினாள்.

"என்ர தங்கச்சியின்ர பேரை அடிச்ச கை! அந்தக் கையால இங்க திரி கொளுத்துவியோ?"

"அம்மாவுக்கு ஒண்டு, ஃபேலா. கொளுத்திப்போட்டுப் போயிடுவன்."

"கொம்மாவையும் நீதானே அனுப்பினனீ!"

சிவனேஸ்வரி ஹாங்காவை ஒட்டி வந்து நின்றாள். தொகை சொன்னவனும் துவக்குப் பிடித்தவனும் எங்கோ ரோசாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள். தட்டச்சடித்த பெட்டைதான் முப்பது வருசத்துக்குப் பிறகும் பதில் சொல்லவேண்டுமாம்! முருகா, இதென்ன நியாயம்?

ஹாங்கா மெதுவாகச் சொன்னாள்: "உன்ர தங்கச்சி மூண்டாம் பட்டியல். ரயில் போனது ஓகஸ்ட் பதினொண்டு, செவ்வாய்க்கிழமை. நீ வீட்டில செப்டெம்பரில எல்லோ கொளுத்திறியாம்."

ஃபேலா மறித்த கையை இறக்கினாள். "ஏன் முந்திச் சொல்லேல்லை?"

"நீ என்னோட கதைச்சால்தானே!"

திதி தெரியாமல் திவசம் செய்வதன் வேதனை சிவனேஸ்வரிக்கு விளங்கும். இனியாவது வழி விடுவாள் என்று நினைத்தாள். ஃபேலாவோ பேனை எடுத்து, நிகழ்ச்சித் தாளின் பின்புறத்தில் திகதியை எழுதி, இன்னொரு தரம் கேட்டுச் சரிபார்த்து, மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மறுபடியும் வாசலை மறித்து நின்றாள்.

ஆரோடும் அதிர்ந்து பேசாத சிவனேஸ்வரிக்கு ஆங்கிலமெல்லாம் மறந்துபோயிற்று; தமிழிலேயே கத்தினாள்.

"தள்ளி நில்லணை!"

ஃபேலா ஓரடி விலகினாள். ஹாங்கா உள்ளே போய்த் திரி ஒன்றை எடுத்து நட்டாள். நெருப்புப்பெட்டி கேட்டபோது, அந்தப் பெரிய மண்டபத்தில் ஒருவரும் நீட்டவில்லை. சிவனேஸ்வரி தன் கைப்பையைத் திறந்து, கற்பூரத்தோடு கிடந்த பெட்டியை எடுத்து, தானே உரசிப் பிடித்தாள்.