ரயிலுதானே போச்சு?

போன மாதம் திருவொற்றியூருக்குப் போய் என் தம்பி ராஜுவைப் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்தான். ஆபீஸில் தலை சுற்றி விழப்போனானாம். டாக்டர், பிரஷர் ஏறியிருக்கிறது, ஓய்வெடுங்கள், போனைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

போன் கையில்தான் இருந்தது!

காரணம் வேறொன்றுமில்லை — எங்கள் கொடைக்கானல் டூர். அம்மாவுக்கு எழுபது வயது நிறைகிறது. மொத்தக் குடும்பமும் போவதாகத் திட்டம். பொறுப்பு ராஜுவிடம். வேன், ரூம், சாப்பாடு... ஜன்னலோரம் யார் உட்காருவது என்பது வரை முடிவு செய்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். பெரியப்பா மகன், ஊட்டிக்குப் போகலாமே என்றார். சித்தி, மலை ஏறினாலே வாந்தி வரும் என்றார். ராஜுவுக்கு பிரஷர் வந்தது.

அவன் மனைவி நிர்மலா காபியைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "டூரே வேணாம்னு சொல்லிடுங்க அண்ணி. எனக்குப் பயமா கீது."

எனக்கும் பயம்தான். எங்கள் அப்பாவும் இப்படித்தான் இருந்தார்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. எங்காவது கிளம்புவதென்றால் முதல் நாளே பெட்டியைக் கதவருகில் வைத்துவிடுவார். முடிந்தால் எங்களையும் அங்கேயே உட்கார வைத்துவிடுவார்.

ராஜுவுக்கு நாலு வயதில் டைபாய்டு வந்தது. பிழைத்தால் வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டார். பிழைத்தான். அப்பா போராடி லீவு வாங்கினார். எழும்பூரில் ரயிலைப் பிடிக்க ஒரு வேன் வைத்தார். வழியனுப்ப வந்த மாமாவும் அதில் ஏறிக்கொண்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, வடக்கே ஆறு கடலில் சேருமிடத்தில் இருக்கும் முகத்துவாரக்குப்பத்து மீனவர்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. முன்னே போக வழியில்லை, திரும்பவும் வழியில்லை. அப்பா இறங்கினார், ஏறினார், டிரைவரைத் திட்டினார், அம்மாவைத் திட்டினார். ஒரு கட்டத்தில் வாட்ச்சைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? அம்மா, மடியில் கிடந்த ராஜுவின் தலையைத் தடவிக்கொண்டே அழுதார்.

மாமாதான் அப்பாவிடம் பேசினார்.

"இன்னா மாமா... ரயிலுதானே போச்சு? லீவு நம்மகிட்டதானே கீது? வண்டியத் திருப்பச் சொல்லு, நம்ம வூட்டுக்குப் போலாம்."

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. லாரிகள் நகர்ந்து இடம் கிடைத்ததும் வேன் வடக்கே திரும்பியது.

லீவு முழுக்க முகத்துவாரக்குப்பத்தில்தான் இருந்தோம். முதல் நாள் அப்பா யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமாவோடு ஆற்றில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்க வேண்டும். அப்பா கைக்கு நண்டுதான் கிடைத்தது — இல்லை, நண்டின் கைக்கு அப்பா கிடைத்தார்! விரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. நாங்கள் கரையில் பயந்துபோய் நின்றோம்.

அப்பா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். கிரீஸ் கறையோடும் கடுகடு முகத்தோடும் வீடு திரும்புகிற மனிதரை நாங்கள் அப்படிப் பார்த்ததே இல்லை.

மொட்டை தள்ளிப்போனதால் அம்மா ராஜுவின் முடியைப் பின்னி ரிப்பன் கட்டிவிட்டார். குப்பத்துப் பிள்ளைகள் அவனை ராஜாத்தி என்றே கூப்பிட்டார்கள்.

அடுத்த வருஷம் வேளாங்கண்ணிக்குப் போனோம். சரியான நேரத்துக்குப் போய், மொட்டை போட்டு, சரியான நேரத்துக்குத் திரும்பினோம். அதைப்பற்றி எனக்கு வேறெதுவும் ஞாபகமில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை.

இதையெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்து ராஜுவிடம் சொன்னேன். அவனுக்கு ரிப்பன் மட்டும்தான் ஞாபகமிருந்தது.

"நெஜமாவாக்கா? அப்பா சிரிச்சாரா?" என்று கேட்டான்.

தெரியாமல்தான் கேட்டான். பிறகு போனை அணைத்து நிர்மலாவிடம் கொடுத்தான். அவன் பிள்ளைகள் பக்கத்து அறையில் சத்தம் காட்டாமல் இருந்தார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சத்தம் போடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்களாம். ராஜு அவர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டான்.

டூரை ரத்து செய்யவில்லை. ரூமை நிர்மலா பார்த்துக்கொண்டாள். சாப்பாட்டை என் கணவர். வேனை, ஊட்டிக்கு ஆசைப்பட்ட அதே பெரியப்பா மகன். ராஜுவுக்கு நாங்கள் ஒரு வேலையும் தரவில்லை. டாக்டரும் போய் வரலாம் என்றார். போன சனிக்கிழமை லேட்டாகத்தான் கிளம்பினோம். வழியில் இட்லி தீர்ந்துபோன ஓட்டலாகப் பார்த்து நிறுத்தினோம். சித்திக்கு மலை ஏறும் முன்பே வாந்தி வந்துவிட்டது.

திட்டம் போடாமல் குடும்பத்தோடு தெருமுனைக்குக்கூடப் போக முடியாது — ஒத்துக்கொள்கிறேன். ஆனால், போய்ச் சேர்வதற்குள் நாம் படுத்துவிட்டால் டூர் யாருக்கு?

டூரில் எடுத்த முதல் போட்டோ இதோ என் எதிரில் இருக்கிறது. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போன என் தம்பி. எடுத்தது அம்மா. கை நடுங்கியதில் படம் கொஞ்சம் மங்கல்.

பிரேம் போடக் கொடுக்கப்போகிறேன்!