மூன்று தட்டு

“தம்பி, மதகுக் கதவை எறக்கறதுக்கு முன்னாடி மூணு தடவ சத்தம் குடு. உள்ள ஆளு இருக்கான்னு கேளு.”

“ஏம்மா, மதகுக்குள்ள யாரு குடித்தனம் பண்றாங்க?”

“கேக்கறதுல உனக்கு இன்னா கொறஞ்சிடும்? அப்பறம் மூணு தட்டு கேட்டுச்சுன்னா உடனே கதவைத் தூக்கிடு.”

“சரிதான். உங்க கமிட்டியில பேய்க்கும் மெம்பர்ஷிப் இருக்குதா?”

ஞானாம்பாளும் கலையரசனும் ஏரிக்கரையில் பேசிய இந்தப் பேச்சைப் பத்துப் பேர் கேட்டார்கள். எனவே கட்டுக்கதை என்று தள்ளிவிட வேண்டாம். அடுத்து நடந்ததற்கு வீடியோவே இருக்கிறது.

மரக்காணம் உப்பளங்களுக்கு மேற்கே இருக்கும் ஏரி அது. கடற்கரையில் வரப்போகும் ஒரு விடுதியின் நீச்சல் குளங்களுக்கு அந்தத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோவது கலையரசனின் வேலை. ஏரி வற்றினால் கடலின் உப்பு கிணறுகளுக்கு ஏறிவிடும். காலையெல்லாம் உப்பு வாரும் ஞானாம்பாளுக்கு அது தெரியும். அதனால்தான் குழு அமைத்தாள், மனு எழுதினாள், கோர்ட் வரை போனாள்.

கலையரசனுக்கு அவர்களைப் பார்த்தாலே இளக்காரம். அவர்கள் கட்டிய பேனரில் ‘ஏரி பாதுகாபுக் குழு’ என்று இருந்தது. “ஒரு ‘ப்’பைக் காப்பாத்தத் துப்பில்ல. ஏரியைக் காப்பாத்தப் போறாங்களாம்!” என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

திங்கட்கிழமை வழக்கு விசாரணை. அதற்குள் மோட்டாரை முப்பது நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டி, வீடியோ எடுத்து, சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை உச்சிவெயிலைத் தேர்ந்தெடுத்தான். உப்பளத்து ஆட்கள் வேலை முடிந்து சுருண்டு படுக்கும் நேரம். ‘எவன் வந்து மறிக்கப்போறான்?’

11.48. தண்ணீர் முழுதும் குழாய்க்கே வர, வயலுக்குப் போகும் மதகுக் கதவைத் திருகி இறக்கினான். சத்தம் கொடுக்கவில்லை. சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான்.

11.55. மோட்டார் ஓடத் தொடங்கியது. ஆபரேட்டர் திருமுருகன், “சார், கூனிமேடு போயி பிரியாணி வாங்கியாறேன்” என்று வண்டியை எடுத்தான். கலையரசன் செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டான்.

கரையில் அவன் மட்டும். வெயில். வெள்ளையாய்க் கூசும் வெயில்.

12.04.

டொக்... டொக்... டொக்...

இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். கலையரசன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். “பைப்புல காத்து.”

12.09. மறுபடியும் மூன்று. இந்த முறை சத்தம் வந்தது குழாயிலிருந்து அல்ல. மதகிலிருந்து.

“எவன்டா அது? கமிட்டிக்காரனா? வெளிய வாடா!”

யாரும் வரவில்லை. மதகின் சிமெண்டு மேடையைப் பார்த்தான். ஈரக் காலடிகள். தண்ணீரிலிருந்து ஏறி வந்திருந்தன. செருப்பில்லாமல் நிற்க முடியாத சூட்டில் அந்த ஈரம் நொடியில் காய்ந்திருக்க வேண்டும்.

காயவில்லை.

12.13. காலடிகளை எண்ணினான். ஏழு. நெற்றியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். ஒன்பது.

கடைசி இரண்டும் அவனுடைய ஷூவுக்கு எதிரே... அவனைப் பார்த்தபடி.

12.17. மோட்டார் நின்றது. டீசல் இருந்தது. யாரும் தொடவில்லை.

அந்த அமைதியில்...

டொக். டொக். டொக்.

நிற்கவே இல்லை. வேகமாக. இன்னும் வேகமாக. மூச்சுக்குத் தவிக்கிறவன் தட்டுவதுபோல.

கலையரசன் ஓடினான். ஒரு ஷூ கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

சோதனை தோற்றது. தாள் கையெழுத்தில்லாமல் கிடந்தது. திங்கட்கிழமை கோர்ட் தடை கொடுத்தது. ஏரி இன்றும் இருக்கிறது. ஆனால் கதை அதுவல்ல. அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கலையரசன் செல்போனைத் தேடி ஞானாம்பாள் வீட்டு வாசலில் நின்றான்.

கரையில் கிடந்ததை எடுத்து வந்து சார்ஜ் போட்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது.

“தட்டு கேட்டுச்சா?”

“மூணு தட்டுன்னா... இன்னா அர்த்தம்?”

“தண்ணிக்குள்ள இருக்கறவன் வாயால சொல்ல முடியுமா? ஒரு தட்டுன்னா எறக்கு. ரெண்டுன்னா நிறுத்து. மூணுன்னா தூக்கு. என் வூட்டுக்காரர் வெங்கடாசலம்தான் இந்த ஊரு மதகைப் பாத்துக்கிட்டாரு. இருபத்திரெண்டு வருஷம் ஆவுது. அடைச்ச பாசியை எடுக்க உள்ள முங்கியிருந்தாரு. வந்த ஆபீசர் அவசரத்துல கதவை எறக்கச் சொல்லிட்டான். சத்தம் குடுக்கல. தட்டு கேட்டுது. கரையில நின்ன எல்லாருக்கும் கேட்டுது. ‘அது காத்து’ன்னு சொல்லிச் சிரிச்சான்.”

கலையரசன் செல்போனின் பூட்டைத் திறந்து அவளிடமே நீட்டினான்.

அவள் வீடியோவை ஓடவிட்டாள். “பைப்புல காத்து” என்று திரையில் அவன் சிரித்தான். ஞானாம்பாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

அவன் ஓடிய பிறகும் ரெக்கார்டிங் ஓடியிருந்தது. ஆளில்லாத கரை. பூட்டிய சக்கரம். தட்டுச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது.

12.26. தட்டு நின்றது.

கலையரசனின் கை தன்னையறியாமல் பையிலிருந்த சாவியைத் தொட்டது. அது சில்லென்று நனைந்திருந்தது.

செல்போனில் ஓர் ஆண்குரல். பக்கத்தில் இருந்து பேசுவதுபோல. இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்ட ஞானாம்பாள் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு வைத்துக்கொண்டாள்.

“ஞானம்... கதவைத் தூக்கச் சொல்லேன்...”