மாட்டுக்குள் தூங்குவது

அந்த ஆராய்ச்சிக்கூடத்து அம்மாவை எனக்குப் பிடிக்கவே இல்லை. பரிசோதனை முடிவு கேட்கப் பூதலூரிலிருந்து பஸ் ஏறிப் போனால், என் பசுவின் கன்றை வயிற்றிலேயே கொன்ற கிருமியைக் குப்பியில் வளர்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஊற்றும் தீனியை உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடேற்றினார்.

“கொன்னதுக்குச் சோறு ஊட்டுறீங்களா?” என்றேன்.

“தீனியை மாத்திப் பட்டினி போட்டா, பெருகாம தன்னைச் சுத்தி ஓடு கட்டிக்கிட்டுத் தூங்கிடும். தூங்குறதை எந்த மருந்தும் கொல்ல மாட்டேங்குது. அதுக்குத்தாங்க வழி தேடுறேன்.”

“அப்ப என் மாடு?”

“அதுக்குள்ளயும் தூங்குதுங்க. அடுத்த சினையில முழிச்சுக்கலாம்.”

“சந்தையில தள்ளிடவா?”

அப்போதுதான் நிமிர்ந்தார். “யார் தலையில கட்டப்போறீங்க?”

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் மாடு கேட்டு வந்த இருவரிடமும் உள்ளதைச் சொன்னேன், போய்விட்டார்கள். இப்போது மாடு மறுபடி சினை. தினமும் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒரு பொய் சொல்லி என்னை அனுப்பியிருக்கக் கூடாதா அந்த அம்மா?